கடன் வேண்டாம், அந்த நோட்டு போதும்

அம்மா, போன சனிக்கிழமை நீங்களும் உங்கள் அண்ணனும் மகளை அழைத்துக்கொண்டு வந்தீர்கள். ஒன்றேகால் மணி நேரம் பேசினோம். அதில் அவள் பேசியது நாலைந்து வாக்கியம்தான். கணினி அறிவியல் முடித்து எட்டு மாதம் ஆகிறது, வேலை அமையவில்லை, கூடப் படித்த சிலர் சேர்ந்துவிட்டார்கள், உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. புரிகிறது. எட்டு மாதத்தில் யாருடைய வாழ்க்கையும் கெட்டுப்போய்விடாது. ஆறுதல் இவ்வளவுதான், இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் அண்ணன் கொண்டுவந்த அந்த ஓராண்டு ஏஐ படிப்பில் கடன் வாங்கி அவளைச் சேர்க்காதீர்கள்.

அவர் விட்டுப்போன கையேட்டை முழுதும் படித்தேன். பாடத்திட்டம் என்ற தலைப்பின் கீழ் பாதிக்குமேல் இருப்பது கருவிகளின் பெயர்ப் பட்டியல். இந்தத் துறையில் ஒரு கருவியின் பெயரைப் பாடமாக அச்சடிப்பது தண்ணீரில் எழுதுவது போல. நிரல் எழுத உதவும் ஏஐ கருவியான கிட்ஹப் கோபைலட் 2021 ஜூனில் சோதனைப் பதிப்பாக வந்தது, அடுத்த ஜூனில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அப்போது அது நாம் தட்டிக்கொண்டிருக்கும் கோடுக்கு, அதாவது நிரலுக்கு, அடுத்த சில வரிகளை ஊகித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். இன்று அதே வகைக் கருவிகள் ஃபைல்களைத் தாமாகத் திறந்து, திருத்தி, டெஸ்ட்டையும் ஓட்டிப் பார்க்கின்றன. ஏஐ மாடல்களை வெளிக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி என்ற நெறிமுறை 2024 நவம்பரில்தான் வெளியானது. கடன் தவணை பாதி முடிவதற்குள் படித்தது பழசாகிவிடும், தவணை மட்டும் புதுசாக மாதாமாதம் வரும்.

பணம் கட்டினால்தான் பொறுப்பாகப் படிப்பாள் என்று உங்கள் அண்ணன் சொன்னார். வருமானம் இல்லாத பெண்ணின் தலையில் கடனை ஏற்றினால் பொறுப்பு வராது. முதலில் கிடைக்கிற ஏதோ ஒரு வேலையைப் பிடித்துக்கொள்ளும் பதற்றம்தான் வரும். இந்த ஒரு விஷயத்தில் நான் இறங்கி வர மாட்டேன். அடிப்படை வேண்டுமென்றால் ஹார்வர்டின் சிஎஸ்50 என்ற கணினி அறிவியல் அறிமுகப் பாடம் இலவசமாக இருக்கிறது. ஃப்ரீகோட்கேம்ப் என்ற இலவசப் பயிற்சித் தளம் 2014 முதல் இருக்கிறது. ஷெல் (கட்டளைகளைத் தட்டிக் கணினியை இயக்குவது), கிட் (கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி), டீபக்கிங் (பிழையைத் தேடித் திருத்துவது) என்று கல்லூரிகள் சொல்லித்தராமல் விடுவதையெல்லாம் எம்ஐடியில் 2020இல் ‘மிஸ்ஸிங் செமஸ்டர்’ என்ற பெயரில் நடத்தி, வீடியோவையும் குறிப்புகளையும் இணையத்தில் போட்டிருக்கிறார்கள். இவற்றைப் பற்றி யாரும் சொல்வார்கள், நான் நீட்ட வேண்டியதில்லை.

நான் நீட்டப்போவது வேறு. உங்கள் அண்ணன் போன் பேச வெளியே போனாரே, நீங்களும் பின்னாலேயே போனீர்களே, அந்தப் பத்து நிமிடத்தில் அவள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினாள். புதிதாக எந்தக் கருவியைப் போட்டுப் பார்த்தாலும் அதில் எழுதிவைக்கிறாள். இடப்பக்கம் ‘டாக்குமென்ட் சொன்னது’, அதாவது கருவியோடு வரும் பயன்பாட்டுக் குறிப்பு சொன்னது; வலப்பக்கம் ‘நடந்தது’. ஒரு பக்கத்தை முழுதும் படித்தேன். ஒரு சின்ன பைத்தான் லைப்ரரி, பைத்தான் மொழியில் மற்றவர்கள் பயன்படுத்த எழுதிவைத்த நிரல் தொகுப்பு. அதன் டாக்குமென்ட்டில் நிறுவும் முறை ஒரே வரி, பிப் இன்ஸ்டால் என்று. பிப் என்பது பைத்தான் பேக்கேஜ்களை, அதாவது நிரல் பொதிகளை, நிறுவும் கருவி. அவளுடைய கணினியில் இருப்பது டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம். அது அப்படி நேரடியாகப் போட விடாது. இயங்குதளமே நம்பியிருக்கும் பேக்கேஜ்கள் குழம்பிவிடக் கூடாது என்று பிஇபி 668 என்ற பைத்தான் வரையறையின்படி தடுத்துவிடும். அந்த ஒற்றை வரியை எழுதிய காலத்தில் இந்தத் தடை இல்லை, பிறகு யாரும் திருத்தவும் இல்லை. இணையத்தில் தேடினால் ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’ என்ற ஆப்ஷனைச் சேர்த்தால் ஓடிவிடும் என்று பதில் கிடைக்கிறது. அதையும் எழுதி, குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் ‘பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது, வேண்டாம்’ என்று குறித்திருக்கிறாள். அதற்குக் கீழே சரியான வழி: முதலில் வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (இயங்குதளத்தைத் தொடாத தனி இடம்) உருவாக்கும் வரி, அதை ஆக்டிவேட் செய்யும் வரி, அப்புறம்தான் பிப்.

இதை யாரிடமாவது காட்டினாயா என்று கேட்டேன். ‘இது படிப்பில்லையே சார், சும்மா எனக்காக எழுதினது’ என்றாள்.

அம்மா, இது ஒரு தொழில். மென்பொருளை உருவாக்குபவர்கள் ஒருபக்கம், அதைப் பயன்படுத்தப் போகும் டெவலப்பர்கள் இன்னொரு பக்கம். நடுவில் டாக்குமென்டேஷன் எழுதுபவர்கள் வேண்டும். டெக்னிக்கல் ரைட்டர், டாக்குமென்டேஷன் இன்ஜினியர் என்று இடத்துக்கு ஒரு பெயர். வேலை ஏறக்குறைய கோடு எழுதுவது போலத்தான் நடக்கும். எழுத்து மார்க்டவுனில் இருக்கும், 2004இல் வந்த எளிய எழுத்துமுறை, ஒரு மாலையில் பழகிவிடும். ஃபைல்கள் கோடோடு சேர்ந்து கிட்டில் கிடக்கும். திருத்த வேண்டுமென்றால் ப்ராஜெக்ட்டைத் தன் கணக்குக்கு ஃபோர்க் செய்து (நகலெடுத்து), தனி பிராஞ்சில் (கிளையில்) மாற்றி, ஏன் மாற்றினேன் என்று இரண்டு வரி எழுதி புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) அனுப்ப வேண்டும். அதைப் பராமரிப்பவர் படித்துவிட்டு, ‘இது விண்டோஸில் எப்படி?’ என்று கேட்பார். அவள் விண்டோஸிலும் ஓட்டிப் பார்த்து இன்னொரு வரி சேர்ப்பாள். மூன்று முறை இப்படிப் போய்வந்தால், எந்த வகுப்பும் தராத பழக்கம் ஒன்று கைவந்துவிடும். தெரியாத ஒருவரிடம் தன் வேலையைக் காட்டி, திருத்தம் வாங்கி, முகம் சுளிக்காமல் மாற்றுவது.

கற்க வழி ஏராளம், எல்லாம் இலவசம். கூகுள் தன் டெக்னிக்கல் ரைட்டிங் பாடங்களைப் பொதுவில் வைத்திருக்கிறது. இணைய டெவலப்பர்கள் தினமும் புரட்டும் எம்டிஎன் என்ற குறிப்புத் தளம், 2020 டிசம்பரில் தன் பக்கங்களை, கோடைப் பகிர்ந்து சேர்ந்து திருத்தும் தளமான கிட்ஹப்புக்கு மாற்றியது. யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். டானியேல் ப்ரோசிடா உருவாக்கிய டயடாக்ஸிஸ் என்ற முறையை அவள் கட்டாயம் படிக்க வேண்டும். கற்றுக்கொடுக்கும் பாடம், ஒரு காரியத்தை முடிக்கும் வழிகாட்டி, தேடிப் பார்க்கும் குறிப்பு, ஏன் என்று விளக்கும் கட்டுரை என நான்கையும் ஒரே பக்கத்தில் குழப்பாதே என்பது அதன் சாரம். அவள் நோட்டில் பாதிப் பக்கங்கள் இந்தக் குழப்பத்தைத்தான் பிடித்திருக்கின்றன, அந்தப் பெயர் தெரியாமலே.

இதையும் ஏஐ எழுதிவிடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். எழுதும், சரளமாக எழுதும். இல்லாத ஃபங்ஷனை இருப்பதாகவும், இல்லாத பேக்கேஜை நிறுவச் சொல்லியும் அதே சரளத்தில் எழுதும். யாராவது ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு படியையும் ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு, இந்தக் கருவிகளும் பதில் சொல்ல டாக்குமென்ட்டைத்தான் படிக்கின்றன, அது தப்பாக இருந்தால் பதிலும் தப்பு. அவள் தாராளமாக ஏஐயை வைத்து முதல் வரைவு எழுதட்டும். ஓட்டிப் பார்க்காத ஒரு வரிகூட வெளியே போகக் கூடாது.

குறையையும் மறைக்கவில்லை. இந்தப் பெயரில் புதியவர்களுக்கு நேரடியாக வரும் இடங்கள் டெவலப்பர் வேலையைவிடக் குறைவு. அதனால் அவள் கோடு எழுதுவதை விடக் கூடாது, தினம் இரண்டு மணி நேரமாவது. டெஸ்டிங், டெவலப்பர் சப்போர்ட் வேலைகளுக்கும் விண்ணப்பிக்கட்டும், அங்கேயும் இந்தத் திருத்தங்கள் பேசும். எண்ணிக்கைக்காக ஒற்றை எழுத்துப் பிழைகளாகத் திருத்தி அனுப்பும் வேலை மட்டும் வேண்டாம். 2020இல், திறந்த மூல ப்ராஜெக்ட்டுகளுக்குத் திருத்தம் அனுப்ப ஊக்குவிக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற அக்டோபர் நிகழ்வின் சமயத்தில் டி-ஷர்ட்டுக்காக அப்படிக் குவிந்த குப்பையில் பராமரிப்பாளர்கள் நொந்துபோய், கடைசியில் விருப்பம் தெரிவிக்கும் ப்ராஜெக்ட்டுகள் மட்டும் என்று விதியையே மாற்ற வேண்டி வந்தது.

ஆறு மாதம் கொடுங்கள். உங்கள் அண்ணன் என்ன ஆயிற்று என்று வாராவாரம் கேட்டால், ஏற்கப்பட்ட திருத்தம் ஒன்றின் லிங்க்கை அவருக்கு அனுப்பச் சொல்லுங்கள். அவர் திறந்து பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. அந்தப் படிப்புக்கான முன்பதிவுத் தொகையை இன்னும் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள், கட்டியிருந்தால் நாளைக்கே திருப்பிக் கேளுங்கள்.

அடுத்த சனிக்கிழமை அவளைத் தனியாக அனுப்புங்கள். நோட்டையும் லேப்டாப்பையும் எடுத்து வரட்டும். அந்த பைத்தான் லைப்ரரிக்கான திருத்தத்தை இங்கேயே உட்கார்ந்து அனுப்பிவிட்டுப் போகட்டும்.