ஏரியில் கழிவுநீர்: தனியார் லேப் ரிப்போர்ட் போதுமா?

வணக்கம். பக்கத்து அடுக்குமாடியின் கழிவுநீர் உங்கள் ஏரியில் கலக்கிறது, நீங்களே தண்ணீர் எடுத்துச் சோதித்த ரிப்போர்ட் வழக்குக்குப் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். புகாருக்குப் போதும், தாராளமாக இணையுங்கள். ஆனால் 1974 நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி நோட்டீஸ் கொடுத்து முறையாக எடுத்த மாதிரிதான் அந்தச் சட்டத்தின் கீழ் வழக்கில் சாட்சியமாக நிற்கும். அதனால் அந்த வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதி, மாதிரி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இரவில்தான் திறந்துவிடுகிறார்கள் என்றால் அந்த நேரத்தைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். பகலில் வந்து பார்த்தால் குழாய் காய்ந்து கிடக்கும். அப்புறம், தள்ளிப்போடாதீர்கள். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில், அதற்கான சட்டத்தின் 14ஆம் பிரிவின்கீழ் மனுப் போட, பிரச்சினை தொடங்கியதிலிருந்து 6 மாதம்தான். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை தருவார்கள்.