கல்லூரியில் சேரவிருந்த வயதில் இருந்த உங்களுக்கு இன்று என்ன சொல்வீர்கள்?

அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் பொறியியலில் சேர்ந்தவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன்.

கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என மொத்தம் 200-க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப், எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறதே தவிர, அங்கே வகுப்பில் நடப்பது நமக்குப் புரியுமா என்பதைச் சொல்வதில்லை. முதல் வாரத்தில் பேராசிரியர் 'டெரிவேட்டிவ்' என்று சொல்லிச் சொல்லிக் கரும்பலகையை நிரப்பியபோது, பன்னிரண்டாம் வகுப்பில் பக்கம் பக்கமாகப் போட்டுப் பழகிய 'வகைக்கெழு'தான் அது என்று தெரியாமல், கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரியாமல் இருந்தது கணிதம் அல்ல, அதன் ஆங்கிலப் பெயர் மட்டுமே என்பது விளங்க ஒரு பருவம் முழுவதும் கழிந்தது.

ஆகவே அந்தப் பையனிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: வகுப்புகள் தொடங்கும் முன் கிடைக்கும் வாரங்களில், பன்னிரண்டாம் வகுப்பின் தமிழ்ப் பாடநூலையும் ஆங்கிலப் பாடநூலையும் அருகருகே விரித்துவைத்து, கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் ஒரு நோட்டில் எழுதிக்கொள். வகுப்பில் புரியாத சொல்லுக்கு அன்றைக்கே பொருள் கேள். தமிழில் கேட்டாலும் பெரும்பாலான ஆசிரியர்கள் மனமுவந்து விளக்குவார்கள். கல்விக் கட்டணச் சலுகைக்கான முதல் பட்டதாரிச் சான்றிதழைக் கலந்தாய்வுக்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்.

இன்னொன்று, வீட்டில் எதையும் மறைக்காதே. கணிதத்தில் அரியர் விழுந்ததை அப்பாவிடம் எட்டு மாதம் சொல்லாமல் இருந்தேன், சொன்னபோது அவர் கேட்டது, "திரும்ப எழுத எவ்வளவுப்பா கட்டணும்?" என்பது மட்டுமே.