ஒளியால் இயங்கும் கேஸ்9: சுண்டெலிக்குப் போவதற்கு முன் எதைச் சரிபார்க்க வேண்டும்?

கேஸ்9 என்பது டிஎன்ஏயை வெட்டும் நொதி. நீல ஒளி பட்டால் மட்டும் வெட்டும் கேஸ்9ஐ மட்டக்களப்பில் கலவளர்ப்பில் தொடங்கி, அப்படியே சுண்டெலிக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நேராக எலிக்குப் போகாதீர்கள். முதல் சிக்கல் சூடு.

2015இல் ஜப்பானில் ஆய்வாளர் சாட்டோவின் குழு கேஸ்9ஐ இரண்டு பாதியாகப் பிரித்து, இரண்டிலும் 'மேக்னெட்' என்ற ஒளியுணர் புரதத்தைப் பொருத்தியது. 470 நானோமீற்றர் ஒளி பட்டதும் பாதிகள் சேரும், டிஎன்ஏ வெட்டுப்படும். மேக்னெட் நியூரோஸ்போரா பூஞ்சையின் புரதத்திலிருந்து வந்தது. 37 பாகையில் அது நன்றாக மடிவதில்லை. அதனால் ஒளி கொடுக்கு முன் கலங்களை 28 பாகையில் வைக்கும் வழக்கம் உண்டு.

இங்கேதான் நம்ம ஊர் குறுக்கே வருகிறது. சாதாரண இன்கியூபேட்டர் சூடாக்கும், குளிராக்காது. ஏசி இல்லாத அறை 31, 32இல் நின்றால், 28 என்று செட் பண்ணியும் பயனில்லை. குளிரூட்டும் வசதியுள்ளதே வேண்டும். எல்இடியும் தன் பங்குக்குச் சூடேற்றும். ஒளி படும் கிண்ணத்துக்குள்ளேயே வெப்பமானி நுனியை வைத்து அளந்து பாருங்கள். மேக்னெட்டின் சூடு தாங்கும் 'இமேக்' வடிவம் 2020இல் வந்தது. ஆனால் கேஸ்9 பாதிகளோடு அதை நீங்களே குளோன் பண்ண வேண்டிவரலாம்.

அடுத்தது கசிவு, அதாவது நீங்கள் ஒளி கொடுக்காமலே வெட்டு நடப்பது. இந்த முறைக்குச் சதுர மீற்றருக்கு ஒரு வாட் அளவு நீல ஒளியே போதும்; ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் அது தாராளமாகக் கிடைக்கும். விளக்கை அணைத்தாலும் வெட்டால் டிஎன்ஏயில் வந்த மாற்றம் மீளாது, கசிவு நாளுக்கு நாள் சேரும். தட்டை அலுமினியத் தாளால் சுற்றி, சிவப்பு விளக்கில் மட்டும் கையாளுங்கள். பிளாஸ்மிட் (கேஸ்9 மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏ வளையம்) இட்டு முழு இருட்டில் வைத்த தட்டும், பிளாஸ்மிட் இல்லாமல் ஒளி பட்ட தட்டும் கட்டாயம். பின்னதில் கலங்கள் செத்தால் வளர்ப்பு ஊடகத்திலுள்ள ரைபோபிளேவினை (விற்றமின் பி2) சந்தேகியுங்கள். நீல ஒளியில் அது ஐதரசன் பெரொக்சைட்டை உண்டாக்கும்.

விலங்குதான் வேண்டுமென்றால் சீப்ரா மீன் நல்லது. முளையம் கண்ணாடிபோல் தெளிவு, வளர்ப்பதும் 28.5 பாகையில். ஒரு கல நிலையில் ஊசி போடும்போது நுணுக்குக்காட்டி விளக்குக்குச் சிவப்பு வடிகட்டி போட மறந்துவிடாதீர்கள், பலர் கோட்டை விடுவது அங்கேதான்.

எலியில் நீல ஒளி இழையத்துக்குள் ஒரு மில்லிமீற்றரளவுதான் போகும்; ஆழத்துக்கு ஒளியிழை செருக வேண்டும், இல்லையேல் 730 நானோமீற்றரில் இயங்கும் 'ஃபாஸ்ட்' முறைக்கு மாற வேண்டும். மரபணுவைக் கலத்துக்குள் கொண்டுசெல்லும் ஏஏவி வைரசின் கொள்ளளவு ஏறத்தாழ 4.7 கிலோபேஸ் (ஒரு கிலோபேஸ் ஆயிரம் டிஎன்ஏ எழுத்து), கேஸ்9 மரபணு மட்டுமே 4.1. ஆக பாதிகளை இரண்டு வைரசில் அனுப்ப வேண்டும்; இரண்டும் சேர்ந்து புகுந்த கலத்தில் மட்டும் வேலை நடக்கும். விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது இருட்டுத் தட்டின் டிஎன்ஏ வரிசையாக்க முடிவையும் இணைத்துவிடுங்கள். சிறிய கசிவை டிஎன்ஏ துண்டுகளைப் பிரித்துப் பார்க்கும் ஜெல் சோதனையில் பிடிப்பது கடினம்.