சுற்று ஏறவில்லையே, என்ன செய்ய?

கேள்வி: என் படகில் 150 குதிரைத்திறன் அவுட்போர்டு (படகின் பின்புறம் மாட்டும் எஞ்சின்), 21 பிட்ச் புரொப்பெல்லர். முழு த்ராட்டிலிலும் எஞ்சின் நிமிடத்துக்கு 4,800 சுற்றைத் தாண்டவில்லை. வேகத்துக்காக 23 பிட்ச் போடலாமா, ஐயா?

பதில்: வேண்டவே வேண்டாம், தம்பி! 21 பிட்ச் என்றால், நீரில் வழுக்காதிருந்தால் ஒரு சுற்றுக்கு 21 அங்குலம் முன்னேறும். அந்தச் சுமைக்கே எஞ்சின் திணறுகிறது. முதலில் படகின் அடியில் ஒட்டிய பாசியைச் சுரண்டுங்கள். பிறகும் ஏறாவிட்டால், கையேட்டில் முழு த்ராட்டில் சுற்று 5,000 முதல் 5,800 என்றிருந்தால் 17 பிட்ச் வாங்குங்கள். பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் 150 முதல் 200 சுற்று கூடும். 5,400க்கு மேல் வந்துவிடும். நான் வழக்கமான ஆட்களையும் பெட்ரோலையும் ஏற்றித்தான் சோதிப்பேன். காலிப் படகில் பார்த்துப் புரொப்பெல்லர் வாங்கி, சுமை ஏறியதும் திணறி, பிஸ்டன் கருகி வந்த எஞ்சின்களைப் பிரித்திருக்கிறேன்; மனசு வலிக்கும்.