சூரியன் 16 முறை உதித்தாலும் உடம்புக்கு ஒரு நாள்தான்

கேள்வி: வயது 42. பணகுடிப் பக்கம் ஒரு ஆலையில் ஒரு வாரம் பகல், மறுவாரம் நைட் ஷிப்ட். நைட் முடிந்து வந்தால் மூன்று மணி நேரம்கூடத் தூங்க முடியவில்லை, நெஞ்செரிச்சல் வேறு. "விண்வெளியில ஒரு நாளைக்கு 16 தடவ விடியுமாம்லாப்பா, அவங்க எப்படித் தூங்குவாங்க?" என்கிறாள் மகள். எனக்கும் அதே சந்தேகம்தான் டாக்டர்.
- வாசகர், வள்ளியூர்

பதில்: மகள் கேட்டதிலேயே உங்களுக்கான மருந்தும் இருக்கிறது.

விண்வெளி நிலையம் சுமார் 90 நிமிடத்தில் பூமியைச் சுற்றிவிடுகிறது. அதனால்தான் 16 விடியல். ஆனால் மூளைக்குள், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, எள்ளளவில் ஒரு நரம்புக் கூட்டம் இருக்கிறது. அதுதான் உடம்பின் கடிகாரம். 24 மணி நேரத்தை ஒட்டித்தான் அது ஓடும். அதைத் திருத்தி வைப்பது வெளிச்சம். நீலம் கலந்த வெளிச்சம் கண்ணில் பட்டால் பகல் என்று எடுத்துக்கொண்டு, மெலட்டோனின் என்கிற இரவுச் சுரப்பை நிறுத்திவிடும்.

ஆகவே அங்கே ஜன்னலை நம்புவதில்லை. கிரீன்விச் நேரப்படி வாழ்கிறார்கள். வேலை நேரத்தில் நீலம் தூக்கலான விளக்கு, படுக்கும் முன் செம்மஞ்சள் விளக்கு. அப்படியும் எட்டரை மணி நேரம் ஒதுக்கினால் ஆறு மணி நேரம்தான் தூங்குகிறார்கள். மகேந்திரகிரியில் எஞ்சின்களைச் சோதித்துத் தயாராகிற ககன்யானில் ஏறப்போகிறவர்களுக்கும் இதே பாடுதான்.

இப்போது உங்களுக்கு வருகிறேன். காலையில் நாலுவழிச் சாலையில் பைக்கில் வரும்போது முகத்தில் அடிக்கிற வெயில்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. கூட வேலை பார்ப்பவர் பின்னால் உட்கார்ந்து, கறுப்புக் கண்ணாடி போட்டு வாருங்கள். கண் சொக்கும்போது நீங்கள் ஓட்டவே கூடாது. படுக்கிற அறை ஜன்னலில் கனத்த கறுப்புத் துணி, செல்போன் அடுத்த அறையில். கடைசி டீ இரவு இரண்டு மணிக்குள். நடுராத்திரி பரோட்டா சால்னா வேண்டாம். அந்நேரம் குடலும் மந்தம், இன்சுலினும் சரியாக வேலை செய்யாது. வேலைக்குக் கிளம்பும் முன்பே வயிறாரச் சாப்பிட்டுவிடுங்கள். தூக்க மாத்திரையை மெடிக்கலில் நீங்களாக வாங்காதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டையும் இந்த மாதமே பார்த்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். அந்த எரிச்சல் மாடிப்படி ஏறும்போது வந்தாலோ, வியர்வையோடு தாடைக்கோ இடது கைக்கோ பரவினாலோ, வாயுத் தொல்லை என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுங்கள்.