வக்கீல் அக்கா பதில்கள்: வண்டி கேஸ் வந்தா நர்ஸ் ரிஜிஸ்ட்ரேஷன் போயிருமா?

தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கத்துல நைட் டூட்டி முடிச்சிட்டு அரைத் தூக்கத்துல ஸ்கூட்டியில வீட்டுக்கு வர்ற பிள்ளைங்க நிறைய, அதான் லெட்டரும் நிறைய வருது. இந்த தடவ அதையே எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: அக்கா, பாலக்கோட்ல ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன். ஹெல்மெட் போடாததுக்கு ஒரு தடவ, சிக்னல் தாண்டுனதுக்கு ஒரு தடவ ஃபைன் வந்துச்சு. எங்க வார்டு சிஸ்டர் இதெல்லாம் நர்சுங்களப் பதிவு பண்ற கவுன்சிலுக்குப் போயிரும், ரிஜிஸ்ட்ரேஷன கேன்சல் பண்ணிருவாங்கன்னு பயமுறுத்துறாங்க. யூகே போக வேற ட்ரை பண்றேன்.

பதில்: ரிஜிஸ்ட்ரேஷன் எங்கயும் போயிராதும்மா. சலான் ஃபைன் வேற, கோர்ட்டு தண்டனை வேற. ஹெல்மெட்டுக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி 1,000 ரூபா, அதோட 3 மாசம் டிரைவிங் லைசென்ஸையும் சஸ்பெண்ட் பண்ணலாம், அது உன் டிரைவிங் லைசென்ஸுக்குத்தான், சென்னையில இருக்குற நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில் பதிவுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. யூகே கவுன்சில்லயும் பார்க்கிங் ஃபைன், ஃபிக்ஸட் பெனால்டி மாதிரி சின்னதெல்லாம் சொல்லத் தேவையில்லன்னு அவங்களே சொல்றாங்க, ஆனா குடிச்சிட்டு ஓட்டி தண்டனை வாங்குனா கண்டிப்பா சொல்லணும். நீ பண்ண வேண்டியது ஒண்ணுதான், சலான கட்டிரு. கட்டாம போட்டு வெச்சா கோர்ட்டுக்குப் போகும், அப்புறம் வெட்டியா அலையணும்.

கேள்வி: அக்கா வணக்கம், நான் ஓசூர்ல ஸ்டாஃப் நர்ஸ், பிஎஸ்சி முடிச்ச பையன். ஃப்ரெண்டு கல்யாணத்துக்குப் போயிட்டு பைக்ல வர்றப்ப சூளகிரி கிட்ட போலீஸ் நிறுத்தி ஊதச் சொன்னாங்க, மாட்டிக்கிட்டேன். கோர்ட்ல ஒத்துக்கிட்டு 10,000 கட்டிட்டேன், முடிஞ்சதுன்னு நினைச்சேன். இப்ப என்க்ளெக்ஸ், அதான் அமெரிக்க நர்ஸ் லைசென்ஸ் பரீட்சை, எழுத அமெரிக்காவுக்கு அப்ளிகேஷன் போடுறேன், அதுல குற்றத்துக்கு தண்டனை உண்டான்னு கேக்குறாங்க. ஏஜென்சிக்காரரு ஃபைன் தானே கட்டுன, இல்லன்னே போடுங்கிறாரு. போடலாமா?

பதில்: போடாத தம்பி. அந்த ஏஜென்சிக்காரருக்கு கமிஷன் வந்தா போதும், அங்க மாட்டுனா மாட்டப் போறது நீ.

இதுல நம்ம ஆளுங்க எல்லாருக்கும் ஒரு குழப்பம் இருக்கு. ரோட்டுல போலீஸ் மெஷின்ல அடிச்சு கொடுக்குற சலானும் கோர்ட்ல கட்டுற ஃபைனும் ஒண்ணுன்னு நினைக்குறாங்க. மோட்டார் வாகனச் சட்டம் 185வது பிரிவு, அதாவது குடிச்சிட்டு ஓட்டுறது, ரத்தத்துல 100 மில்லிக்கு 30 மில்லிகிராமுக்கு மேல ஆல்கஹால் இருந்தா கேஸ், ரோட்டுலயே பணத்த கட்டி முடிக்குற லிஸ்ட்ல அது இல்ல, கோர்ட்டுக்கு தான் போகணும். முதல் தடவைக்கு 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல 10,000 ஃபைன், இல்ல ரெண்டும். மறுபடி மாட்டுனா 2 வருஷம், 15,000 வரைக்கும். மாஜிஸ்ட்ரேட் முன்னாடி ஆமாங்கன்னு தலையாட்டி ஃபைன் கட்டுனா அது கன்விக்‌ஷன், ஜெயிலுக்குப் போகலங்குறதுக்காக தண்டனை இல்லாம போயிராது. நிறைய பேர் சீக்கிரம் வேலை முடிஞ்சா போதும்னு ஒத்துக்கிட்டு வந்துர்றாங்க, வக்கீல்கிட்ட பத்து நிமிஷம் பேசியிருந்தா ப்ரொபேஷன், அதாவது தண்டனை கொடுக்காம நன்னடத்தை பேர்ல விடச் சொல்லி கேக்கலாமான்னாவது யோசிச்சிருக்கலாம், 1958ம் வருஷத்து ப்ரொபேஷன் சட்டத்துல விடுதலை ஆனா அந்தத் தண்டனையால வர்ற தகுதியிழப்பு சேராதுன்னு 12வது பிரிவு சொல்லுது. சரி, நடந்தது நடந்துருச்சு.

அமெரிக்காவுல ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் தனி நர்சிங் போர்டு, கேள்வியும் ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும். சின்ன டிராஃபிக் டிக்கெட் வேணாம்னு பல போர்டு ஒதுக்கிரும், ஆனா குடிச்சிட்டு ஓட்டுனத அப்படி ஒதுக்க மாட்டாங்க. ஏன்னா நர்ஸு மருந்து கையில வெச்சிருக்குற ஆளு, அவங்க பார்வையில குடி பழக்கமா ஒரு நாள் தப்பான்னு தெரிஞ்சாகணும், வண்டி அவங்களுக்கு முக்கியம் இல்ல. ஃப்ளோரிடாவுல லைசென்ஸ் வாங்குன பிறகு கேஸ்ல தண்டனையானா 30 நாளுக்குள்ள எழுதிக் கொடுக்கணும்னு சட்டமே இருக்கு, அவ்வளவு சீரியஸா பாக்குறாங்க.

அதனால எந்த ஸ்டேட்டுக்குப் போடுறியோ அந்த ஸ்டேட்டு கேள்விய வார்த்தை வார்த்தையா படி, வெளிநாட்டுத் தண்டனையும் அதுல அடங்கும்னா ஆமான்னு போடு. கோர்ட்ல இருந்து தீர்ப்போட சர்ட்டிஃபைட் காப்பி, ஃபைன் கட்டுன ரசீது, நடந்தத நீயே எழுதுன ஒரு லெட்டர், இப்ப வேலை பாக்குற இடத்துல நல்ல பேர் இருக்குன்னு நர்சிங் சூப்பிரண்டண்ட்டோட கடிதம் எல்லாம் சேர்த்து வை, மதுப் பழக்கம் இல்லன்னு டாக்டர்கிட்ட ஒரு மதிப்பீடு வாங்க முடிஞ்சா இன்னும் நல்லது. ஒரே ஒரு பழைய கேஸ், அதுக்கப்புறம் எதுவும் இல்லன்னா போர்டு லேட் பண்ணும், கேள்வி கேக்கும், ஆனா அதுக்காகவே கதவ சாத்திருவாங்கன்னு இல்ல. இல்லன்னு போட்டு அப்புறம் கண்டுபிடிச்சா மட்டும் குடிய விட பொய்தான் பெரிய குத்தமாகும், ஏஜென்சிக்காரரு அப்ப போன எடுக்க மாட்டாரு.

கேள்வி: அக்கா, என் தங்கச்சி ஜிஎன்எம் நர்சிங் டிப்ளமோ முடிச்சவ. காரிமங்கலம் கிட்ட ஸ்கூட்டியில போகும்போது குறுக்க வந்த ஒரு பெரியவர் மேல மோதிட்டா, அவளே முதலுதவி பண்ணி ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனா, ஆனா ரெண்டு நாள்ல இறந்துட்டாரு. எஃப்.ஐ.ஆர் போட்டிருக்காங்க. அரசு ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் எடுக்குற எம்.ஆர்.பி தேர்வுக்கு அவ அப்ளை பண்ணலாமா? அந்தக் குடும்பத்துக்குப் பணம் கொடுத்தா கேஸ் முடிஞ்சிருமா?

பதில்: அந்தக் குடும்பத்துக்கும் உங்களுக்கும் கஷ்டமான நேரம். ரெண்டாவது கேள்விக்கு முதல்ல சொல்றேன், முடியாது. நஷ்ட ஈடு வழக்கு வேற, அது வண்டி இன்சூரன்ஸ் மூலமா மோட்டார் விபத்து டிரிபியூனல்லயோ லோக் அதாலத்துலயோ தீரும். கிரிமினல் கேஸ் வேற, அஜாக்கிரதையால மரணம், பழைய ஐ.பி.சி 304-ஏ, 2024 ஜூலை 1ல இருந்து பாரதிய நியாய சன்ஹிதா 106, 5 வருஷம் வரைக்கும் தண்டனை. ரெண்டு பக்கமும் சமாதானம் ஆயிட்டோம்னு எழுதிக் கொடுத்து முடிக்குற வகை இது இல்ல. ஜாமீன்ல விடக்கூடிய கேஸ்தான், பயப்படாதீங்க. அவ ஓடாம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது அவளுக்கு ரொம்ப பெரிய பலம், அடிபட்டவங்கள சிகிச்சைக்குக் கொண்டு போகணும்னு மோட்டார் வாகனச் சட்டம் 134வது பிரிவே டிரைவருக்குக் கடமையா சொல்லுது. அந்த ஆட்டோக்காரர், ஆஸ்பத்திரி என்ட்ரி, நேரம் எல்லாத்தையும் வக்கீல்கிட்ட சொல்லி வைங்க.

எஃப்.ஐ.ஆர் தண்டனை இல்ல, அதனால தேர்வுக்குப் போடலாம். ஆனா ஃபார்ம்லயோ போலீஸ் வெரிஃபிகேஷன்லயோ கேஸ் நிலுவையில இருக்கான்னு கேட்டா மறைக்கவே கூடாது, 2016ல அவதார் சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட்டு சொன்னது இதத்தான், மறைச்சா வேலையே போகலாம், சொன்னா கேஸோட தன்மைய பாத்து அதிகாரிங்க முடிவு எடுக்கலாம்னு. பாஸ்போர்ட்டுக்கும் கேஸ் நிலுவையில இருந்தா கோர்ட்டு அனுமதி வாங்கணும், அத லேட் பண்ணாம இப்பவே பாருங்க.

கேள்வி: கணவர் பேர்ல இருக்குற வண்டிய நான் ஓட்டி பெங்களூர்ல சிக்னல் கேமராவுல மாட்டுனேன், நான் நர்ஸ், கர்நாடகா கவுன்சில்ல என் பேருக்கு ஏதாவது வருமா?

பதில்: வராது. சலான் ஆர்.சி புக்ல இருக்குற உங்க வீட்டுக்காரர் பேருக்குத்தான் வரும். அத அவர்கிட்ட இன்னும் சொல்லலன்னு லெட்டர படிக்கும்போதே தெரியுது, மொதல்ல சொல்லிருங்க.