ஸ்பெயினின் தொலேதோ: முட்டி வலி இருக்கும் அம்மாவோடு நடந்து பார்க்க முடியுமா?

முடியும், ஆனால் ரயில் ஸ்டேஷனிலிருந்து நேராக மேலே பழைய ஊருக்கு ஏறாதீர்கள். பழைய நகர வாசலான பிசாக்ரா பக்கம் போனால் ரெக்காரேதோ எஸ்கலேட்டர் இருக்கிறது, 2000-இல் கட்டியது, இலவசம், ஏற்றத்தின் பெரும்பகுதியை அதுவே ஏற்றிவிடும்.

ஸ்டேஷனிலிருந்து மேலே நடக்க மேப் 25 நிமிடம் என்று சொல்லியும் போனவர்கள் மூச்சு வாங்கியதாகச் சொல்கிறார்களே என்று கேட்டிருந்தீர்கள். ஊர் மூன்று பக்கமும் தாஹோ ஆறு சுற்றிய பாறை மேல் இருக்கிறது, அந்த ஏற்றம்தான் காரணமாக இருக்கும். மேப் காட்டும் வழி அல்காந்தரா பாலத்தைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டினால் அதுதான் செங்குத்தான வழி. பாலம் அவ்வளவு அழகு, திரும்பும்போது இறங்கிப் பாருங்கள்.

மேலே போனதும் சாந்தோ தொமே தேவாலயத்தில் எல் கிரெக்கோவின் பெரிய ஓவியத்தை முதலில் பார்த்துவிடுங்கள், அப்புறம் கதீட்ரல்.

ஒன்று மட்டும்: மேலேயும் தெருக்கள் கல் பாவியவை, மேடு பள்ளம் உண்டு. அம்மாவுக்கு நல்ல பிடிப்புள்ள ஷூ கட்டாயம். திங்கட்கிழமை வேண்டாம், எல் கிரெக்கோ மியூசியம் மூடியிருக்கும்.